முப்பத்தாறு படத்திலும் ஒரே பொட்டு

அத்தியாயம் 5

மேசை முழுக்கப் புகைப்படங்கள் பரப்பிக் கிடந்தன. ஒன்றில் கோயில் தேர், ஒன்றில் மரவள்ளிக் காடு, ஒன்றில் கொட்டாவி விடும் எருமை. மொத்தம் முப்பத்தாறு. எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில், மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. மயிரிழைகூட இடம் மாறாமல் முப்பத்தாறு படத்திலும் அதே இடத்தில் இருந்தது.

"எருமைக்கும் பொட்டு வெச்சு வுட்டிருக்குது பாருங்க சார்," என்றாள் உதவியாளர் சந்தியா. "லட்சணமாத்தான் இருக்குது."

சந்திரமோகன் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று விரதம் ஒன்றுமில்லை. அதற்கான தெம்பு இல்லை. தருமபுரியிலிருந்து கடத்தூர் வரை அவளுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் வந்ததில் இடுப்பு தனியாகவும் கால் தனியாகவும் வலித்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டி இத்தனை வருஷத்தில் அவருக்கு வந்ததெல்லாம் மாப்பிள்ளை எப்படி, பெண் எப்படி என்ற விசாரணைகள்தான். இப்போது ஒரு கேமரா எப்படி என்று விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டவர் கலைவாணன். புளி வாங்கிக் குளிர்சாதனக் கிடங்கில் போட்டு, விலை ஏறியதும் விற்பவர். சம்பாதித்ததைப் பழைய ஃபிலிம் கேமராக்களில் கொட்டுகிறவர். அறையின் மூன்று சுவர்களிலும் கண்ணாடி அலமாரிகள். ஈரம் ஏறாமலிருக்க உள்ளே மெல்லிசாக ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கேமராக்கள் சாமி சிலைகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இவதான் சார் ராணி." கலைவாணன் வெல்வெட் துணி மேலிருந்து ஒரு கேமராவை எடுத்து நீட்டினார். "ஜெர்மன்காரன் செஞ்சது. எழுபது வயசாச்சு. மூணு மாசம் முன்னாடி கல்கத்தாவுல ஒரு குடும்பத்துக்கிட்ட நாலு லட்சத்துக்கு வாங்கினேன். கண்ணுல வெச்சுப் பாருங்க."

சந்திரமோகன் வைத்துப் பார்த்தார். எதிரே இருந்த அலமாரியின் கைப்பிடி இரண்டாகத் தெரிந்தது. லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. விசையை அழுத்தினார். யாரோ காதருகே 'ப்ச்' என்று சொன்ன மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கையிலிருந்து கீழே வைக்க மனம் வரவில்லை. இதற்கு ஏன் ஒரு மனுஷன் நாலு லட்சம் கொடுக்கிறான் என்பது அவருக்குக் கொஞ்சம் புரிந்தது.

"உள்ள லென்ஸுக்குப் பின்னாடி கறுப்புத் துணித் திரை இருக்கும். அதுல ஓட்டை. அதுவழியா வெளிச்சம் ஃபிலிம்ல இறங்கித்தான் இந்தப் பொட்டு," என்றார் கலைவாணன். "நான் வாங்குனதுல ஓட்டையே கிடையாது. பெங்களூர்ல சர்வீஸுக்குக் கொடுத்தேன். சுத்தமா இருக்குதுன்னு அவங்க சொல்லித்தான் அனுப்புனாங்க. கொண்டாந்தது என் டிரைவர் முனியப்பன். மத்தியானம் கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டுனவன், கடத்தூர் வந்து சேர்றப்ப இருட்டிப் போச்சு. நடுவுல எங்க போனான்? கேட்டா வாயே தொறக்கல, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டான். நடுவுல எவன்கிட்டயோ என் கேமராவக் கொடுத்துட்டு, ஓட்டைக் கேமரா ஒண்ண வாங்கியாந்துட்டான்."

"அதே ஜாடையில, அதே நம்பரோட இன்னொண்ணா?" என்றாள் சந்தியா. "எங்கீங்க வாங்கினான், கம்பைநல்லூர் சந்தையிலயா?"

கலைவாணன் அவளைப் பார்க்காமல் சந்திரமோகனிடமே பேசினார். "நம்பர் இருக்கிற தகட்ட மட்டும் கழட்டி மாட்டலாம் சார். கேமரா சேகரிக்கிறவங்க க்ரூப்புல அவன் போட்டோவோட போட்டுட்டேன். முந்நூறு பேர் பார்த்துட்டாங்க. ஆதாரம் இருக்குதான்னு கேக்கறாங்க. அதுக்குத்தான் நீங்க. நாலு மணிக்கு அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவான், ஒத்துக்கிட்டான். அதோட உங்க ரிப்போர்ட்டையும் வெச்சு ஸ்டேஷன்ல குடுத்துடலாம்."

"அவன் வேற வேலைக்குப் போறதாக் கேள்விப்பட்டேனே," என்றார் சந்திரமோகன்.

"வனக்காவலர் வேலை. செலக்‌ஷன் ஆயிட்டான். அடுத்த வாரம் போலீஸ் வெரிஃபிகேஷன்." கலைவாணன் துணியால் கேமராவைத் துடைத்தார். "அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

பேர் ஒரு தடவை ஸ்டேஷனில் ஏறிவிட்டால் அந்தப் பையனுக்குக் காக்கிச் சட்டை இல்லை. இதைச் சொல்லத் துப்பறியத் தேவையில்லை.

"அவன் கொண்டுவந்த பை எங்க?" என்று கேட்டார்.

முதுகில் மாட்டும் கேமராப் பை. சந்தியா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தோள்பட்டை மடிப்பிலிருந்து எதையோ நகத்தால் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். முள்முள்ளாய் ஒரு விதை. அப்புறம் இன்னொன்று. பட்டை முழுக்க இருந்தது.

"நாயுருவி," என்றாள். "காருக்குள்ள நாயுருவி மொளைக்காதே சார். இந்தப் பை யாரு முதுகுலயோ ஏறி, ஒத்தையடிப் பாதையில நடந்திருக்குது."

"கேமராவ மாத்தப் போறவன் எதுக்குக் காட்டுக்குள்ள போறான்?"

"கரடிகிட்ட வித்திருப்பான். அதுதான் பேரம் பேசாது."

அவர் எழுந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. கிருஷ்ணகிரிக்கும் கடத்தூருக்கும் நடுவில், தருமபுரியை ஒட்டி, ரோடும் ஒற்றையடிப் பாதையும் சேர்ந்து மேலே ஏறுகிற இடம் ஒன்றுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

வத்தல்மலை அடிவாரத்தில் வெயில் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. சந்திரமோகன் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு ஸ்கூட்டரை விட்டு இறங்கினார். ரோட்டோரம் ஒரு டீக்கடை. மலையில் விளைந்த காப்பிக்கொட்டையும் சாமையும் பாக்கெட் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரி சின்னக்காவுக்கு மலைமேல் ஊர். காலையில் இறங்கி வந்து சாயங்காலம் ஏறிப் போகிறவள்.

சந்தியா செல்போனில் முனியப்பன் படத்தைக் காட்டினாள்.

"இவனா? நம்ம நடராசா!" என்று சிரித்தாள் சின்னக்கா.

"நடராஜனா? பேரு முனியப்பன்னாங்களே."

"பேரு என்னமோ யாருக்குத் தெரியும். நடந்துக்கிட்டே இருப்பான், அதான் நடராசன். காருல வருவான், காரு இங்க நிக்கும், அவன் நடப்பான். கொண்டை ஊசி ரோட்டுல ஏறி, பழைய காலடித் தடத்துல எறங்குவான். ஏறுவான், எறங்குவான். காரு வெச்சிருக்கிறவன் எதுக்குடா நடக்கறேன்னு கேட்டேன். பாரஸ்ட்டு வேலைக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் நாலு மணி நேரத்துல நடந்து காட்டணுமாம் ஆயா, அண்ணனுக்குத் தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிருவாருன்னான்."

"முதுகுல பை மாட்டியிருந்தானா?"

"ஒரு நாளு மாட்டியிருந்தான். இங்க வெச்சுட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்னேன். அய்யய்யோ, அண்ணனோட கேமரா, கார்லகூட வெக்க மாட்டேன்னான். கொழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி தூக்கிட்டுப் போனான். டீ வெக்கட்டுங்களா?"

வைக்கச் சொன்னார். டம்ளரைப் பிடித்தபடி வெகுநேரம் மலை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்படி உட்காரும்போது சந்தியா குறுக்கே பேசமாட்டாள். பேசினாலும் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

காணாமல் போன சாயங்காலம் கிடைத்துவிட்டது. ஒருவன் முதலாளி நேரத்தில், முதலாளி காரை நிறுத்திவிட்டு, தன் பிழைப்புக்காக நடந்திருக்கிறான். குற்றம் அவ்வளவுதான். ஆனால் திரையில் ஓட்டை அப்படியேதான் இருந்தது.

கடத்தூர் திரும்பியபோது முனியப்பன் புளிக் கிடங்கின் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பாப்பாரப்பட்டிக்காரன். இருபத்தாறு வயது இருக்கலாம். சந்திரமோகனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சின்னக்காவப் பார்த்துட்டு வர்றோம் நடராசா," என்றாள் சந்தியா.

அவன் முகம் வெளிறியது. "அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ ஏன் சொல்லல?"

"எப்பிடீங்க சொல்றது? என்னாலதானே போச்சு. அத்தனை வெயில்ல முதுகுல மாட்டிட்டு மலை ஏறுனேன். சூட்டுல உள்ள இருந்த துணி பொசுங்கிருச்சு போல. கார்ல வெச்சா திருட்டுப் போயிரும்னு நான்தாங்க அறிவில்லாம... கையெழுத்துப் போட்டா இதோட முடிச்சுக்கலாம்னு அண்ணன் சொன்னாரு. அவரு நஷ்டப்பட்டிருக்காரு. போட்டுர்றேன்."

"அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"அண்ணன் எழுதுனா சரியாத்தான் இருக்கும்ங்க."

சந்தியாவின் வாயில் ஏதோ ஒரு கிண்டல் வந்து நின்று, உள்ளேயே போய்விட்டது.

"பைக்குள்ள இருந்தப்ப லென்ஸுக்கு மூடி போட்டிருந்துச்சா?" என்று கேட்டார் சந்திரமோகன்.

"பெங்களூர்ல போட்டுக் குடுத்தாங்க. ஜிப்பையே நான் தொறக்கலீங்க."

"அப்போ வெயில் எந்த வழியா உள்ள போச்சு?"

சந்திரமோகன் புளிமூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். வெயில். பையன் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. சந்தியா கலைவாணனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஒரே வீணை இசை திரும்பத் திரும்பக் கேட்டது.

"என்ன அது, சாவு வீட்டுப் பாட்டு மாதிரி?" என்றார் சந்திரமோகன்.

"நல்வரவு வீடியோ சார். ஒவ்வொரு கேமரா வாங்குனதும் மொட்டமாடிக் கைப்பிடிச் சுவர்ல நிக்க வெச்சு, மூடியக் கழட்டி, சூரியன் உதிக்கிற பக்கமாத் திருப்பி வெச்சிடறாரு. வெயில் நல்லா ஏறுற வரைக்கும் அப்பிடியே வீடியோ எடுத்து, அப்புறம் வேகமா ஓட வுடறாரு. முதல் சூரியதரிசனமாம். பொறந்த கொழந்தைக்குக்கூட இத்தனை சாங்கியம் செய்ய மாட்டாங்க."

அவர் போனை வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரஷ்யக் கேமரா, ஜப்பான் கேமரா. அத்தனைக்கும் அதே சுவர், அதே சூரியன், அதே வீணை. மறுபடி மேலிருந்து தொடங்கிக் கடைசிவரை வந்தார்.

"சந்தியா, ஓட்டை உடைசல் கேமராகூட இதுல இருக்குது. ராணி எங்க?"

அவள் தேடினாள். நிமிர்ந்தாள். "அது மட்டும் இல்ல சார்," என்றாள்.

கலைவாணன் அறையில் ஒரு தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தார். அதற்குள் சந்தியா இந்தக் கேமராக்களைப் பற்றிப் போனில் தேடி வாசித்துக் காட்டியிருந்தாள். சந்திரமோகன் தாளைத் தொடவில்லை. "அலமாரியில சாதாரணமா ஒரு ஜப்பான் கேமரா எடுங்க. லென்ஸைக் கழட்டுங்க," என்றார்.

கலைவாணன் கழற்றினார். உள்ளே சாய்ந்தபடி ஒரு சின்னக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி போல.

"இதுல வெளிச்சம் உள்ள வந்தா?"

"கண்ணாடியில பட்டு மேல போயிடும். படம் எடுக்கறப்ப மட்டும் கண்ணாடி தூக்கும்."

"இப்போ ராணி."

அதையும் கழற்றினார். கண்ணாடி இல்லை. லென்ஸுக்கு நேர் பின்னால் கறுப்புத் துணி. அதில், உற்றுப் பார்த்தால், ஓரம் பழுப்பேறிய ஒரு துளை.

"மாடிக்குப் போலாம்," என்றார் சந்திரமோகன். "லென்ஸை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க."

கிடங்கு வாசலில் நின்றிருந்த முனியப்பனையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். மொட்டைமாடியில் வெயில் இன்னும் சாயவில்லை. சந்திரமோகன் தன் குடையை விரித்துத் தரையில் கவிழ்த்தார். லென்ஸை வாங்கி, சூரியனுக்கும் குடைத்துணிக்கும் நடுவில் பிடித்தார். துணியில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. லென்ஸைக் கொஞ்சம் இறக்கினார். வட்டம் சுருங்கிச் சுருங்கி மிளகளவு ஆனது. நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் போல ஒரு புகை எழுந்தது. பொசுங்கிய வாடை வந்தது. லென்ஸை விலக்கியபோது குடையில் ஓரம் பழுப்பேறிய ஒரு துளை இருந்தது.

"குடைக்குத் தனி பில்லுங்க," என்றாள் சந்தியா மெதுவாக.

"மத்த கேமராவையெல்லாம் கண்ணாடி காப்பாத்துச்சு," என்றார் சந்திரமோகன். "இதுக்குக் கண்ணாடி இல்ல. பைக்குள்ள மூடியோட இருந்தப்ப இது சூரியனையே பார்க்கல. பார்த்தது ஒரே ஒரு நாள், பெங்களூர்ல இருந்து வந்தப்புறம், இந்தச் சுவத்து மேல. அந்த வீடியோவ எப்போ அழிச்சீங்க?"

கலைவாணன் சுவரைப் பார்த்தார். வத்தல்மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்தது. எதிராளி பேசும்வரை தான் பேசாமலிருப்பது, இந்தத் தொழிலில் சந்திரமோகனுக்கு நன்றாக வரும் ஒரே வித்தை. கீழே யாரோ புளிமூட்டையை இறக்கினார்கள்.

"படம் வந்த அன்னிக்கே," என்றார் கலைவாணன் கடைசியில். "நெட்டுல தேடுனேன். இந்த மாதிரிக் கேமராவ மூடியில்லாம வெயிலப் பார்த்து வெக்கக் கூடாதாம். முதல் பாடமாம் அது. முந்நூறு பேருக்கு நான் பாடம் எடுக்கறேன் சார். லென்ஸுல பூஞ்சை வந்தா என்ன செய்யறது, எதை எவ்வளவுக்கு வாங்கறதுன்னு எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. ராணியில எடுத்த படத்தப் போடறேன்னு சொல்லியிருந்தேன். ஏன் போடலன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"அதுக்கு இவனா?"

"சாயங்காலம் எங்க போனேன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சான்." கலைவாணன் முனியப்பன் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு."

முனியப்பன் குடையில் இருந்த துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ," என்றான் தயங்கித் தயங்கி, "நான் தூக்கிட்டு நடந்ததால இல்லீங்களா?"

"இல்லப்பா," என்றார் சந்திரமோகன்.

அவன் சட்டென்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். இத்தனை நாளும் அந்தப் பையை இறக்கி வைக்காமலே நின்றவன் மாதிரி இருந்தது.

"அந்தப் பேப்பரக் கிழிச்சுடறேன்," என்றார் கலைவாணன். "ஸ்டேஷனுக்கும் போகல. ரிப்போர்ட்டும் வேணாம். உங்க பீஸ் முழுசாத் தந்துடறேன். இதோட முடிச்சுக்கலாம்."

"இதே வார்த்தையத்தான் இவன்கிட்டயும் சொன்னீங்க," என்றாள் சந்தியா.

"முந்நூறு பேர் இவன் மூஞ்சியப் பார்த்திருக்காங்க," என்றார் சந்திரமோகன். குரல் உயரவில்லை. "அதுல ஒருத்தன் இன்னொருத்தனுக்கு அனுப்பினாப் போதும், வெரிஃபிகேஷனுக்கு வர்றவர் கையில அது இருக்கும். எங்க போட்டீங்களோ அங்கேயே சொல்லுங்க. எழுத வேணாம். உங்க குரல்ல சொல்லுங்க."

"சிரிப்பாங்க சார்."

"சிரிப்பாங்க."

கலைவாணன் போனை எடுத்தார். க்ரூப்பைத் திறந்தார். குரல் பதியும் பொத்தானில் கட்டைவிரலை வைத்துவிட்டு எடுத்தார். மறுபடி வைத்தார்.

"நண்பர்களே, கலைவாணன் பேசறேன். திரையில ஓட்டை போட்டது நான்தான். மூடி போடாம வெயில்ல வெச்சேன். முனியப்பன் மேல போட்டது பொய். அவன் அந்தப் பையத் தொறக்கக்கூட இல்ல. அவன் படத்த யாராவது எங்கயாவது அனுப்பியிருந்தா, இதையும் அங்க அனுப்பிடுங்க." விரலை எடுத்தார். அது போய்ச் சேர்ந்தது.

கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு சிரிப்புப் படம்கூட வரவில்லை. அது வந்திருந்தால் கலைவாணனுக்கு லேசாக இருந்திருக்கும் என்று சந்திரமோகனுக்குத் தோன்றியது.

பிறகு சேலத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வயதானவர், நிதானமாகப் பேசினார்.

"கலை, போன வருஷம் என்னோட கேமராவுலயும் இதே மாதிரி ஓட்டை. ஜன்னலோரமா, மூடியில்லாமத்தான் வெச்சிருந்தேன். எனக்கு இது தெரியாது. வூட்டு வேலைக்கு வந்த பொண்ணு கூட்டறப்ப எதையோ குத்திட்டான்னு நெனச்சுட்டேன். வேலைய வுட்டு அனுப்பிட்டோம். அது எவ்வளவோ அழுதுச்சு."

பதிவு முடிந்தது. கலைவாணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாதவராக, முதன்முதலாக முனியப்பனைப் பார்த்தார்.

சந்திரமோகன் குடையை மடக்கினார்.

"அந்தப் பொண்ணு எந்த ஊருன்னு கேளுங்க," என்றார்.